தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் எங்கே?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்தபோது தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. முதலாளிகள் போய்விட்டார்கள். லயத்தில் நம் ஜனங்கள் நின்றார்கள். சம்பள பாக்கி, போனஸ், பி.எப்., சர்வீஸ் பணம் எல்லாமே நின்றுபோயின.

1953ஆம் ஆண்டு தேயிலைச் சட்டப்படி, கைவிடப்பட்ட தோட்டத்தை எடுத்து நடத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இருந்தது. அரசு அசையவில்லை. சர்வதேச உணவுத் தொழிலாளர் சங்கமும் மற்றவர்களும் 2006இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010 ஆகஸ்டு 6ஆம் தேதி, ஆறு மாதத்துக்குள் சட்டக் கடமையைச் செய்யும்படி உத்தரவு வந்தது. ஆறு மாதம் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. 2012இல் கோர்ட் அவமதிப்பு மனு போட்டார்கள். 2018இல் கேரளம், தமிழ்நாடு, அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களும் இடைக்காலமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்றது கோர்ட். 2020இல் பாக்கியைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி சப்ரே தலைமையில் குழு அமைத்தது. 2024 கடைசியிலும் வழக்கு கோர்ட்டில்தான் இருந்தது. தீர்ப்புக்கு நாலு வருஷம். தீர்ப்பை நடத்திவைக்க அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்!

ஏன் இப்படி? நான் ரயில்வே கிளார்க். எங்கள் ஆபீசில் சாங்ஷன் ஆர்டர் வந்துவிட்டால் மட்டும் காசு வராது. பில் எழுத வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வேண்டும், பில் பாஸாக வேண்டும். தீர்ப்பு என்பது சாங்ஷன் ஆர்டர் மாதிரி. பணமாக மாற அதற்கு மூன்று காரியம் வேண்டும்.

முதலாவது, வசூலிக்க அதிகாரம் உள்ள ஒரு கை. பாலக்காட்டுத் தோழர்கள் பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். கோகோ கோலா ஆலை 2004இல் நின்றது. நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்று அரசு நியமித்த குழு 2010இல் கணக்குச் சொன்னது. வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011இல் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. கணக்கு இருந்தது, வசூலிக்கும் கை இல்லை. நமக்கோ கை உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி பிரிவு, அரசு சர்டிபிகேட் கொடுத்தால் நிலவரி பாக்கி போலக் கலெக்டர் வசூலிக்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இந்த வழி உண்டு.

இரண்டாவது, பட்டியல். அஸ்ஸாமில் 25 தோட்டங்களில் 28,556 தொழிலாளருக்கு 414 கோடியே 73 லட்சம் ரூபாய் பாக்கி என்று எண்ணி எழுதியிருந்தார்கள். ஆள் எண்ணிக்கையும் தொகையும் எழுத்தில் இருந்ததால்தான் கோர்ட் 2024இல் மாநிலத் தலைமைச் செயலாளரையே நேரில் வரச் சொல்ல முடிந்தது. அரசு நிறுவனத்தின் 15 தோட்டங்களுக்காக 70 கோடி ரூபாய் கொடுக்க அந்த அரசு ஒப்புக்கொண்டது.

மூன்றாவது, ஜப்தி செய்யச் சொத்து. தோட்டம் பாங்கில் அடமானம் என்பார்கள். பயப்படாதீர்கள். பி.எப். பாக்கிதான் மற்றக் கடன்களுக்கு முந்தியது என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது; 2009இல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. ஆனால் கம்பெனி சொத்தை விற்றுத் தீர்க்கும்வரை நாம் சும்மா இருந்தால், முந்தின உரிமை இருந்தும் பிடிக்க ஒன்றும் இராது.

காலக்கெடுவையும் கவனியுங்கள். சிவில் டிக்ரியை நிறைவேற்றப் பன்னிரண்டு வருஷம் உண்டு. அவமதிப்பு மனுவுக்கு ஒரே வருஷந்தான். 33-சி மனுவுக்கும் ஒரு வருஷம் வைத்திருந்தார்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமிருந்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? பழைய சம்பளச் சீட்டு, பி.எப். நம்பர், செக்ரோல் பெயர் எதையும் கிழித்துப் போடாதீர்கள். ஒரே ஆளின் பெயர் தமிழில் ஒருவிதம், மலையாளத்தில் ஒருவிதம், ஆதாரில் இன்னொருவிதம் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் போய்விட்ட குடும்பங்களுக்குச் சேதி அனுப்புங்கள். ஆள் இறந்துவிட்டால் பணமும் செத்துவிட்டது என்று நினைக்கிற விதவைத் தாய்மார்கள் இருக்கிறார்கள். அது தவறு. உழைத்த கூலி வாரிசுக்குச் சேரும். வாரிசு சர்டிபிகேட் எடுத்து வைக்க வேண்டும்.

ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், நோட்டுப் புத்தகத்தோடு புறப்படட்டும். பெயர், வேலை செய்த வருஷம், வரவேண்டிய தொகை, வாரிசு: இந்த நாலு பத்தியும் நிரம்பட்டும். அந்தப் பட்டியலோடு நாம் எல்லோருமாகத் தாசில்தார் முன்னால் போய் நிற்போம். கம்பெனி காத்திருப்பது நம் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாவதற்கு. நம் பட்டியலில் இருக்கிற பெயர் எதுவும் சாகாது, தோழர்களே!