முதியவரின் கைப்பை: ஸ்பானிய நடிகர் பெப்பே இஸ்பெர்ட் ஏற்ற வேடங்கள்



திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இயக்குநரைப் பற்றியோ கதைத்தலைவனைப் பற்றியோ பேசி முடித்துவிடுவர். குணச்சித்திர நடிகர் எனப்படுவோர்க்கு அப்பேச்சின் ஓரத்தில் ஒரு வரி கிடைத்தாலே பெரிது. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் தம் காலத்து வாழ்வை எவ்வாறு பொறுத்துக்கொண்டனர், எங்கே கண்மூடிக்கொண்டனர் என்பதைத் தலைவர்களின் முகத்தைவிடத் துணைவர்களின் முகமே சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஸ்பெயின் நாட்டின் பெப்பே இஸ்பெர்ட் அத்தகைய முகம் உடையவர்.

ஹோசே இஸ்பெர்ட் 1886ஆம் ஆண்டு மத்ரித் நகரில் பிறந்தார். ஸ்பானிய வழக்கில் 'ஹோசே' என்னும் பெயர் 'பெப்பே' எனச் செல்லமாகத் திரியும். மக்களும் அவரைப் பெப்பே என்றே அழைத்தனர். மத்ரித் நகரின் லாரா அரங்கில் நகைச்சுவை நடிகராகப் பல்லாண்டுகள் புகழ்பெற்றவர். குள்ளமான உருவம், அகன்ற முகம், தொண்டைக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற கரகரத்த குரல். அழகு, கம்பீரம் என்னும் சொற்களுக்கு அவரிடம் இடமில்லை. எந்தத் தெருவிலும் எதிர்ப்படக்கூடிய ஒரு தாத்தா. அவ்வளவே அவருடைய தோற்றம்.

அவருடைய திரைவாழ்வு தொடங்கிய இடம் வியப்புக்குரியது. 1912 நவம்பர் 12ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுப் பிரதமர் ஹோசே கனலேஹாஸ் மத்ரித்தின் மையச் சதுக்கத்தில் ஒரு புத்தகக்கடையின் கண்ணாடிப் பேழையை நோக்கி நின்றபோது, மனுவேல் பார்தீன்யாஸ் என்னும் அரசிலிக் கொள்கையாளன் அவரைச் சுட்டுக் கொன்றான். அந்நிகழ்ச்சியை நடித்துக் காட்டி, இறுதி ஊர்வலத்தின் உண்மைப் படப்பதிவையும் இணைத்து, அதே ஆண்டில் ஒரு சிறு படம் எடுக்கப்பட்டது. அதில் கொலையாளியாக நடித்தவர் இருபத்தாறு வயது இஸ்பெர்ட். அரை நூற்றாண்டு கழித்து, எழுபத்தேழாம் வயதில், அவர் மீண்டும் உயிர்பறிப்பவராகத் திரையில் தோன்றினார். இம்முறை சட்டத்தின் பெயரால், அரசு ஊதியம் பெற்றுக்கொண்டு. முதற்கொலையாளியை வெறுப்பது எளிது. இரண்டாமவரை எவராலும் வெறுக்க இயலவில்லை. அந்த இயலாமையிலேதான் இஸ்பெர்ட்டின் கலை நிற்கிறது.

இவ்விரு வேடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைக் கண்டது. 1939இல் ஃபிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றது. திரைக்கதைகள் தணிக்கையாளரின் மேசையைக் கடந்த பின்னரே படமாயின. நேரடியாகச் சொல்ல வாயில்லாத காலத்தில், சிலர் சிரிப்பின் வழியாகச் சொல்லக் கற்றனர். அவர்களுள் முதன்மையானவர் இயக்குநர் லூயிஸ் கார்சியா பெர்லாங்கா. அவருக்கு வாய்த்த சிறந்த கருவி இஸ்பெர்ட்டின் முகம்.

1953இல் பெர்லாங்கா இயக்கிய 'வருக, மிஸ்டர் மார்ஷல்' என்னும் படத்தில் இஸ்பெர்ட் ஒரு சிற்றூரின் காது மந்தமான ஊர்த்தலைவர். போரால் நலிந்த ஐரோப்பிய நாடுகளுக்கு அமெரிக்கா வழங்கிய மார்ஷல் திட்ட உதவி ஸ்பெயினுக்குக் கிட்டவில்லை. படத்திலோ, அமெரிக்கர் வருகிறார்கள் என்னும் செய்தி ஊருக்கு எட்டுகிறது. அவர்கள் மனத்தைக் கவர வேண்டி, காஸ்தீலியச் சிற்றூர் முழுவதும் அந்தலூசிய வேடம் புனைகிறது. ஒவ்வொருவரும் என்ன கேட்பது என்று வரிசையில் நின்று பதிவு செய்கின்றனர். ஊர்த்தலைவர் நகராட்சி மாடத்தில் நின்று மக்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருப்பதாகத் தொடங்குகிறார். அந்தக் கடமையையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். விளக்கம் மட்டும் வருவதில்லை. மேடைப்பேச்சின் வெறுமையை இதனினும் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை. ஈற்றில் அமெரிக்கரின் வண்டிகள் நில்லாமல் ஊரைக் கடந்து விரைகின்றன. வீண்செலவின் கடனை ஊராரே தத்தம் கையிருப்பைக் கொணர்ந்து தீர்க்கின்றனர். ஏமாற்றிய தலைவரே ஏமாந்தவராகவும் நிற்கிறார். அவர்மீது சினம் கொள்ள வேண்டிய பார்வையாளர் இரக்கம் கொண்டுவிடுகின்றனர்.

நகைக்குரிய நிலைக்களன்களுள் பேதைமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணுவதை இவ்வவையோர் அறிவர். இஸ்பெர்ட்டின் நகைச்சுவை பெரிதும் பேதைமையில் பிறப்பது. 1956இல் வந்த 'கலாபுச்' படத்தில் அவர் கடற்கரையூரின் கலங்கரைவிளக்கக் காவலர். ஊர்ப் பாதிரியாரோடு தொலைபேசி வழியே சதுரங்கம் ஆடுபவர். 1957இல் வந்த 'வியாழன்தோறும் அற்புதம்' படத்தில், நலிந்துபோன நீரூற்று விடுதிக்கு ஆள்சேர்க்கப் பொய்யான அற்புதம் ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் நிகழ்த்துகின்றனர். அதில் புனிதர் திமாஸாக வேடமிட்டு நிற்பவர் இஸ்பெர்ட். பொய் சொல்லும்போதும் அம்முகத்தில் குழந்தைத்தன்மை நீங்கவில்லை. அது அவருடைய வலிமை என்று அதுவரை கருதப்பட்டது. அதனுள் ஓர் அச்சமும் உறைகிறது என்பதை எழுத்தாளர் ரஃபேல் அஸ்கோனா கண்டுகொண்டார்.

அஸ்கோனாவின் கதையைக் கொண்டு, இத்தாலியரான மார்க்கோ ஃபெர்ரேரி 1960இல் ஸ்பெயினில் இயக்கிய படம் 'எல் கொச்செசீத்தோ'. 'சிறுவண்டி' என்பது பொருள். மனைவியை இழந்து மகன் வீட்டில் வாழும் தோன் அன்செல்மோ என்னும் முதியவராக அதில் இஸ்பெர்ட் நடித்தார். கால் வழங்காத நண்பர் ஒருவர் இயந்திரம் பூட்டிய சக்கரவண்டி வாங்குகிறார். அவ்வாறான வண்டியுடையோர் கூட்டமாக உலாச் செல்கின்றனர். நல்ல கால்களையுடைய அன்செல்மோ மட்டும் தனித்து விடப்படுகிறார். கால் இருப்பதே அவருக்குக் குறையாகிவிடுகிறது. நடக்க இயலாதவர் போல் நடிக்கிறார். மறைந்த மனைவியின் நகைகளை விற்று வண்டி வாங்குகிறார். மகன் அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்தபோது, குடும்பத்தின் உணவுப் பானையில் நஞ்சைக் கலந்துவிடுகிறார். ஈற்றில் காவலர் பிடியில் அகப்பட்ட அவருடைய கவலை, சிறையில் அவ்வண்டியை வைத்துக்கொள்ள விடுவார்களா என்பது ஒன்றே. ஸ்பெயின் நாட்டுத் தணிக்கை இம்முடிவைப் பொறுக்காமல் மாற்றச் செய்தது. ஆனால் அது மாற்ற முடியாத ஒன்று உண்டு. பானையை நோக்கிச் செல்லும்போதும் அம்முதியவரின் முகம் அதே தாத்தாவின் முகமாக இருந்தது. கொடியவனாக அவர் உருமாறவில்லை. தனிமையுற்ற நல்லவராகவே இருந்துகொண்டு அக்கொடுமையைச் செய்தார்.

இனி, 1962ஆம் ஆண்டுக்கு வருவோர் ஒரு முரணைக் காண்பர். அவ்வாண்டில் ஃபெர்னாந்தோ பலாசியோஸ் இயக்கிய 'பெருங்குடும்பம்', பதினைந்து பிள்ளைகளைக் கொண்ட ஓர் இல்லத்தின் கதை. அரசு போற்றிய குடும்ப இலட்சியத்துக்கு முற்றும் இசைந்த படம். அதில் இஸ்பெர்ட் தாத்தா. கிறிஸ்துமஸ் சந்தையின் நெரிசலில் சென்ச்சோ என்னும் கடைக்குட்டிப் பேரன் அவர் கையினின்றும் நழுவிவிடுகிறான். கரகரத்த குரலில் அப்பெயரைக் கூவிக்கொண்டு முதியவர் சதுக்கமெங்கும் அலைகிறார். இன்றளவும் ஸ்பானிய மக்கள் மறவாத காட்சி அது. நாட்டின் வீடுதோறும் அவர் சொந்தத் தாத்தாவானார்.

அடுத்த ஆண்டிலேயே அந்தத் தாத்தா ஒரு கைப்பையோடு வந்தார். 1963இல் அஸ்கோனாவுடன் சேர்ந்து எழுதிப் பெர்லாங்கா இயக்கிய 'எல் வெர்துகோ' படத்தில், இஸ்பெர்ட் ஏற்றது அமதேயோ என்னும் பாத்திரம். மரண தண்டனையை நிறைவேற்றும் அரசு ஊழியர். குற்றவாளியை நாற்காலியில் அமர்த்தி, கழுத்தில் இரும்பு வளையம் பூட்டித் திருகு முறுக்கிக் கொல்லும் 'கரோத்தே' என்னும் முறை அன்று ஸ்பெயினில் வழக்கிலிருந்தது. அக்கருவிகள் அந்தக் கைப்பையில் உள்ளன. பணி முடித்துச் சிறையினின்று வெளிவரும் அமதேயோ, சவவண்டிக்காரரோடு ஊர்ந்து வருகிறார். இறங்கும்போது பையை வண்டியிலேயே மறந்துவிடுகிறார். மூத்த குடிமகன் ஒருவர் குடையை மறப்பது போன்ற மறதி. அதைத் திருப்பிக் கொடுக்கச் செல்லும் ஹோசே லூயிஸ் என்னும் இளைஞன் (நீனோ மான்ஃப்ரெதி) அம்முதியவரின் மகளை (எம்மா பெனெல்லா) மணக்க நேர்கிறது.

அமதேயோ தம் தொழிலைப் பற்றித் தச்சரோ தையற்காரரோ பேசுவது போலவே பேசுகிறார். தலையைத் துண்டிப்பதும் மின்னாற்றலால் கருக்குவதும் பிற நாட்டாரின் காட்டுமிராண்டித்தனம். தம் நாட்டு முறையே மனிதத் தன்மையுடையது என்பது அவர் உறுதி. இதில் பொய்ம்மை இல்லை. நேர்மையான ஊழியரின் பெருமிதம்தான் இருக்கிறது. அவருக்குள்ள கவலை வேறு. அரசு குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. ஓய்வு பெற்றால் அது கைநழுவும். மருமகன் அப்பணியை ஏற்றால் மட்டுமே வீடு நிலைக்கும். யாரையும் கொல்ல நேராது, கருணை ஆணை வந்துவிடும் என்று அன்போடு தேற்றுகிறார். குடும்ப நலம், குழந்தை, குடியிருப்பு என்னும் நல்ல சொற்களால் ஓர் இளைஞன் அடிமேல் அடியாகக் கொலைக்களம் வரை நடத்திச் செல்லப்படுகிறான்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் ஒரு காட்சியைத் தனியே சுட்டுதல் தகும். பணிக்குப் பரிந்துரை வேண்டி, அமதேயோ மருமகனைப் புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே தம் நூல்களில் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கும் கல்விக்கழக உறுப்பினரான எழுத்தாளர் ஒருவர் இன்முகத்தோடு உதவுகிறார். படத்தில் எவரும் தீயவர் அல்லர். எழுதுபவரும் தீயவர் அல்லர். அவருடைய பேனாவும் அச்சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடுகிறது. 1912இன் கொலை ஒரு புத்தகக்கடை முன்னே நிகழ்ந்தது. 1963இல் புத்தகக்கடையே கொலைக்குப் பரிந்துரை எழுதுகிறது.

மயோர்க்காத் தீவின் சிறையில் இறுதிக் காட்சி. வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த வெற்றுக் கூடத்தைத் தொலைவிலிருந்து படக்கருவி நோக்குகிறது. இரு குழுவினர் கடந்து செல்கின்றனர். சாகப்போகிறவன் முன்னே நடக்கிறான்; கொல்லப்போகிறவனைத்தான் தாங்கிப் பிடித்து இழுத்துச் செல்கின்றனர். அவன் தொப்பி தரையில் விழுகிறது. அக்கூடத்தில் இஸ்பெர்ட் இல்லை. அவர் துறைமுகத்தில், பேரக்குழந்தையைக் கையில் ஏந்திக் காத்திருக்கிறார். திரும்பிவந்த மருமகன், இனி ஒருபோதும் இதைச் செய்யேன் என்கிறான். தாமும் முதல் முறை அதையேதான் சொன்னதாக முதியவர் அமைதியாகக் கூறுகிறார். இகழ்ச்சியோ மிரட்டலோ அக்குரலில் இல்லை. பட்டறிந்த பெரியவரின் ஆறுதல் மொழியாகவே அது ஒலிக்கிறது. முந்திய ஆண்டில் பேரனைத் தேடிக் கதறிய அதே குரல் என்பதனாலேயே, கேட்போர் நெஞ்சு குளிர்ந்து போகிறது.

இப்படம் வெறும் கற்பனை அன்று என்பதைக் காலமே காட்டியது. 1963 ஆகஸ்டு 17ஆம் நாள் பிரான்சிஸ்கோ கிரனாதோ, ஹோவாக்கின் தெல்காதோ என்னும் இரு அரசிலிக் கொள்கையாளர் மத்ரித்தில் கரோத்தேயால் கொல்லப்பட்டனர். அவர்கள்மீது சுமத்தப்பட்ட குண்டுவெடிப்பைச் செய்தவர்கள் தாமே என்று வேறிருவர் பின்னாளில் ஒப்புக்கொண்டனர். அத்துயரம் ஆறுமுன்னரே வெனிஸ் திரைப்பட விழாவில் 'எல் வெர்துகோ' திரையிடப்பட்டது. இத்தாலியிலிருந்த ஸ்பானியத் தூதர் வெகுண்டு தம் அரசுக்கு எழுதினார். ஸ்பெயினில் 1964இல் வெளியானபோது படம் வெட்டுண்டே வந்தது. கைப்பைக்குள் இரும்புகள் உரசும் ஒலிகூட நீக்கப்பட்டதாம். பையைக் காட்டலாம், உள்ளிருப்பது ஒலிக்கக் கூடாது என்பது தணிக்கையின் தீர்ப்பு. அவ்வொலியை அகற்றியோர் அதன் பொருளைப் பார்வையாளரினும் நன்கு அறிந்திருந்தனர்.

இஸ்பெர்ட் 1966 நவம்பரில் மறைந்தார். கரோத்தே இறுதியாக 1974 மார்ச்சில் பயன்படுத்தப்பட்டது. 1978இன் அரசமைப்புச் சட்டம், போர்க்கால இராணுவச் சட்டம் நீங்கலாக, மரண தண்டனையை ஒழித்தது. எஞ்சிய அவ்விலக்கும் 1995இல் நீங்கியது. ஒரு நகைச்சுவை நடிகரால் சட்டம் மாறியது என்று கூறுதல் மிகையாகும். அவர் செய்தது வேறு. கொடுமைக்குக் கோரைப்பல் உண்டு என்று நம்பியிருந்தோர்க்கு, அது அன்பான முகத்தோடு, ஓய்வூதியக் கவலையோடு, கையில் பேரக்குழந்தையோடு வரும் என்று காட்டினார். அதற்காக அவர் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, குரலை மாற்றிக்கொள்ளவில்லை. மக்கள் நேசித்த அதே முதியவராகவே இருந்தார்.

தீயவரைத் தீயவராக எழுதுதல் எளிது. நல்லவர் கையிலுள்ள பையைத் திறந்து பார்த்து எழுதுதல் அரிது. அவ்வரிய செயலை மேற்கொள்ளும் கவிஞர்க்கு, கடல் கடந்த அந்தக் கரகரத்த குரல் ஒரு துணையாகட்டும்.