நான்கு வாசல், ஒரு மலை



கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக 30 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வந்தால்தான் மன்னவனூர். உயர்கல்வி பற்றிய இக்கருத்தரங்குக்கு இவ்வூர் பொருத்தமானதே. இங்கே புல்வெளியில் மேயும் செம்மறிகளை வளர்ப்பது மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம். அதன் தலைமையகம் ராஜஸ்தானின் அவிகாநகரில். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு பெங்களூரு. தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோயம்புத்தூர். 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மட்டும் மாநில உயர்கல்வித் துறையின் கீழ். மலை ஒன்று, வாசல் நான்கு.

வாசலுக்கு வாசல் வழி போட்டுத் தருவது யார்?

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மாநிலந்தோறும் ஓர் உயர்கல்வி மன்றம் வேண்டும் என்றது. ஆந்திரம் 1988-இல் முந்திக்கொண்டது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் நடுவே நின்று திட்டமிடுவதும் தரம் காப்பதும் அதன் வேலை.

2023-இல் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அது பொதுவான பாடத்திட்டம் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு வந்தது; ஆளுநரும் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார். மன்றத்தின் கவலை நியாயமானது: கல்லூரி மாறும் மாணவிக்கு ஓராண்டு வீணாகக் கூடாது. கல்லூரிகளின் கவலையும் நியாயமானதே. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதற்கு அன்னை தெரசா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை பாடுபட்டது. எங்கும் ஒரே பாடம் என்றால் இந்த மண்ணின் பூண்டுக்கு அதில் இடமேது? அடிப்படைத் தாள்கள் பொதுவாக இருக்கட்டும். மிச்சத்தை அந்தந்த ஊர் ஆசிரியர்களிடம் விட்டுவிட வேண்டும்.

கலிஃபோர்னியா 1960-இல் வேறு வழியில் போனது. கிளார்க் கெர் முன்னின்று வகுத்த பெருந்திட்டம் பாடத்தை ஒன்றாக்கவில்லை. எந்த நிறுவனத்துக்கு என்ன வேலை என்று பிரித்தது, சமுதாயக் கல்லூரியில் படித்தவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழையக் கதவும் வைத்தது.

மன்றத்தின் பணிகளில் அதிகம் பேசப்படாத ஒன்றுதான் குடும்பங்களை நேராகத் தொடுகிறது: பட்டங்களின் இணைத்தன்மை. பழைய பாடத்துக்கே புதுப்பெயர் சூட்டிக் கல்லூரிகள் சேர்க்கை நடத்துகின்றன. மூன்றாண்டு படித்து, அரசுத் தேர்விலும் வென்று, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்போதுதான் அந்தப் பட்டம் கேட்ட பட்டத்துக்கு இணையா என்ற கேள்வி எழுகிறது. விடை வல்லுநர் குழுவுக்குப் போய், அரசாணையாகத் திரும்பி வரவேண்டும். அதற்குள் பணியிடம் நிரம்பிவிடலாம். பூண்டும் உருளைக்கிழங்கும் விற்ற காசில் மகளைக் கீழே அனுப்பிப் படிக்கவைத்தவருக்கு அது எப்பேர்ப்பட்ட இடி!

ஆகவே இக்கருத்தரங்கு முதல் அமர்விலேயே ஒன்றை ஆராயட்டும்: புதுப்பெயர்ப் படிப்பு எதுவானாலும், சேர்க்கைக்கு முன்பே அதன் இணைத்தன்மையை முடிவுசெய்து, விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சிட என்ன செய்யவேண்டும்?