கோடையும் முதியோரும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கோடையில் நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், கயிற்றுக் கட்டிலில் கிடந்த முதியவர் ஒருவர் தொடர்பின்றிப் பேசுவதைக் கண்டோம். "வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார்" என்றனர் வீட்டார். தொட்டுப் பார்த்தோம், உடல் அனலாய்க் கொதித்தது. அது மூப்பின் தடுமாற்றமன்று, வெப்பத்தின் தாக்குதல். ஈரத் துணியால் உடலைக் குளிர்வித்து, 108 ஆம்புலன்ஸை வரவழைத்து அனுப்பினோம், பிழைத்தார்.

மூப்பில் வியர்வை குறைகிறது. தாகமும் எளிதில் தோன்றுவதில்லை. தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி உடலைத் தணிக்க இதயம் பெரிதும் உழைக்க வேண்டியிருக்கிறது. இரவும் புழுங்கினால் உறக்கம் கெட்டு, எரிச்சலும் மனச்சோர்வும் மிகும். வெயிலுக்கு அஞ்சித் திண்ணைப் பேச்சும் நின்றுவிட்டால் தனிமை வாட்டும்.

2003ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் வெப்ப அலையால் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் முதியோர். தனித்து வாழ்ந்தோர் பலர். நம் மாநில அரசும் 2024இல் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்துள்ளது.

ஆகவே, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலை எழுதிவைத்து, நண்பகலில் ஒருமுறை அவர்கள் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டுகிறோம். தாகமில்லை என்றாலும் மோரோ நீராகாரமோ அருந்தச் செய்யுங்கள். நீரைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, தீர்மானமும் வேண்டியதில்லை. இக்கோடையிலேயே தொடங்குவோமாக!