ஒரு மாட்டினத்துக்காக ஒரு வாழ்நாள்

(கீழ்பென்னாத்தூர் வட்டார விவசாயிகளுக்காகப் பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)

செங்கம் பக்கம் போனவர்கள் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் வில்லோ வாளோ பிடித்த ஆள் உருவம், மேலே நாலைந்து வரி பழைய எழுத்து. வேடியப்பன் என்று சொல்லி அதற்குப் பொங்கல் வைக்கிற ஊர்களும் உண்டு. அந்தக் கற்களில் பலவும் மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்துப் போனவர்களுக்காக நட்டவை. நம்ம மாவட்டத்து எடத்தனூரில் கிடைத்த ஒரு கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆயிரத்து நானூறு வருஷப் பழசு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டான் என்று அதற்கு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். அவனோடு கோவிவன் என்ற அவன் நாயும் அந்தக் கல்லில் இருக்கிறது. திருடர் இரண்டு பேரைக் கடித்ததாம் அந்த நாய். அதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கால்நடை காத்தவனுக்கும் அவன் வீட்டு நாய்க்கும் கல் நட்ட மண் இது. இன்றைக்கு அப்படி ஒருவர் நம்ம ஊரில் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? போன வருஷம் எனக்கு நேர்ந்த ஒரு பேச்சுதான் இதைக் கேட்க வைத்தது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மடி நோய்க்கு மருந்து சொல்லப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நல்ல மயிலைக் காளை ஒன்று கட்டியிருந்தது. சுற்றியுள்ள மூன்று நாலு ஊருக்கும் அதுதான் பொலிகாளை. காசு கேட்பதில்லை. அவர் நைனா காலத்திலிருந்து அந்த வீட்டில் காளை இல்லாத நாள் கிடையாது என்றார்கள்.

"என்ன ஐயா, காளை நல்லா இருக்கே?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது சார். தவிடு வைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. பசு பருவத்துக்கு வந்தா மட்டும் நம்ம வூட்டு வாசல் தெரியுது. இந்தத் தீபத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கிறேன்" என்றார்.

தீபம் என்றால் உங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடுகிற மாட்டுச் சந்தை. குதிரைகூட வரும். அந்தச் சந்தையில் கொம்பு வளைந்து, திமில் கறுத்து, நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போகிற ஜோடிகள் காங்கேயம் காளைகள். எந்த ஊர் மாடு என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். அந்த இனத்தை அப்படி ஆக்கியது யார் என்று கேட்டால் பதில் வராது. அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் பழையகோட்டை என்று ஒரு ஊர். இப்போது திருப்பூர் மாவட்டம். அந்த ஊர்ப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார். பட்டக்காரர் என்றால் அந்த நாட்டுக்குத் தலைமையான குடும்பம், நிலபுலம் நிறைய. மன்றாடி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளைப் பொறுப்பேற்று நெய் அளந்த இடையர்களுக்கு மன்றாடி என்று பேர். கொங்கு நாட்டில் அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பது வேறு கதை. ஆனாலும் இந்த மனிதருக்கு அந்தப் பேர் பொருத்தம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எடுத்துக்கொண்ட வேலை, கேட்க எளிதாக இருக்கும். தன் மந்தையில் நல்ல காளையை மட்டும் இனத்துக்கு வைப்பது, சுமாரானதைக் காயடித்து ஏருக்கும் வண்டிக்கும் அனுப்பிவிடுவது. அவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். இன்றைக்கு ஒரு காளையைத் தேர்ந்தெடுத்தால் அது சரியான காளையா இல்லையா என்று தெரிய அதன் கன்றுகள் வளர்ந்து ஏர் பிடிக்க வேண்டும். அதற்கே ஐந்தாறு வருஷம். அந்தக் கன்றின் கன்று எப்படி என்று பார்க்க இன்னும் ஐந்தாறு வருஷம். மனுஷன் ஆயுசில் எத்தனை தலைமுறை மாட்டைப் பார்த்துவிட முடியும்? நடுவில் பஞ்சம் வரும், வியாதி வரும், நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வரும். எல்லாவற்றுக்கும் அசையாமல் பத்து வருஷம், இருபது வருஷம் என்று ஒரே நோக்கத்தில் நிற்பது பெரிய காரியம். காங்கேயம் இனம் மேம்பட்டதற்கு அவருடைய மந்தையே காரணம் என்று கால்நடை நூல்கள் அவர் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கின்றன.

பணக்காரர், அவரால் முடிந்தது என்று சிலர் சொல்லலாம். பணம் இருந்தவர்கள் அந்தக் காலத்திலும் நிறைய பேர். அவர்கள் எல்லோரும் மாடு வளர்க்கவில்லை.

அவர் செய்ததை மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காங்கேயம் சீமை நம்ம பூமியைவிட வறட்சியானது. செம்மண்ணும் சரளையுமான மேட்டு நிலம். அங்கே மேய்ச்சலுக்கென்றே நிலம் ஒதுக்கி வைப்பார்கள், கொரங்காடு என்று பேர். சுற்றி உயிர்வேலியாகக் கிளுவை முள். உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கு வெள்வேல் மரம். புல் காய்ந்த கோடையில் அந்த மரத்துக் காய் விழும், ஆடுகள் பொறுக்கித் தின்னும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். வேலி இருப்பதால் மாடு பின்னாலேயே ஆள் அலைய வேண்டியதில்லை. உழவு ஓட்டாமல் இப்படி நிலத்தைப் போட்டு வைக்கிறார்களே என்று முதல் தடவை பார்த்தபோது நானும் நினைத்தேன். மழை தவறிய ஒரு வருஷத்தில் திரும்பப் போனபோது, பக்கத்து மானாவாரி சோளம் கருகிக் கிடந்தது, கொரங்காட்டில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

நம்ம பக்கம் கொரங்காடு கிடையாது. மல்லாட்டைக் கொடியும் கேழ்வரகுத் தட்டையும் வைக்கோலும்தான் நமக்குத் தீவனம். மேய்க்கால் புறம்போக்கு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் காளைகள் குடியானவனுக்கு என்ன செய்தன? கவலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கிணறு ஆழம், தோல் சால் கனம், வெயிலில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். உரமில்லாத மாடு அரை நாளில் படுத்துவிடும். காங்கேயம் ஜோடி நிற்கும். பால் கொஞ்சம்தான், வேளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். ஆனால் உழைப்புக்கும், சொற்பத் தீனிக்கும், வெயில் தாங்குவதற்கும் பேர்போனது. பிறகு மின்சார மோட்டார் வந்தது, டிராக்டர் வந்தது, பாலுக்காகக் கலப்பினப் பசு வந்தது. அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். கலப்பினப் பசுவின் பால் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் உழைப்பு மாட்டுக்கு வேலை போனதும் காங்கேயம் மந்தைகள் மளமளவென்று குறைந்தன.

2000-ஆம் வருஷம் இந்திய அஞ்சல் துறை நாலு நாட்டு மாட்டினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. கிர், காங்க்ரெஜ், ஹள்ளிகார், நாலாவது நம்ம காங்கேயம். மாட்டுக்குத் தபால் தலை கிடைத்தது. வளர்த்த மனிதர் பேர் அதில் எங்கே இருக்கப் போகிறது?

வெளிநாட்டுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். குஜராத்தில் பாவ்நகர் மகாராஜாவிடம் கிருஷ்ணா என்று ஒரு கிர் காளை இருந்தது. பிரேசில் நாட்டு மாட்டுப் பண்ணைக்காரர் செல்சோ கார்சியா சிட் அதை வாங்கி 1960-ஐ ஒட்டிக் கப்பலில் கொண்டுபோனார். அந்தக் காளையின் வாரிசுகள் அங்கே பெருகின. அந்தக் காளை பேரும் அந்தப் பண்ணைக்காரர் பேரும் அங்கே மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். அனுப்பியது நாம். நமக்குத்தான் தெரியாது.

சரி, பெரியவர் வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். அவர் பட்டக்காரர் இல்லை, இரண்டு ஏக்கர்காரர். ஆனால் செய்கிற வேலை அதேதான். அந்தக் காளை சந்தைக்குப் போய்விட்டால் அந்த மூன்று நாலு ஊர் நாட்டுப் பசுவுக்கும் கலப்பின சினை ஊசி ஒன்றுதான் வழி. மூன்று தலைமுறைக்குள் நாட்டு ரத்தம் கரைந்துவிடும்.

இதை அந்த ஊர்க்காரர்களிடம் அன்றைக்கே பேசினேன். அப்போது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பொலிகாளை வைத்திருக்கிற எந்த ஊருக்கும் பொருந்தும்.

காளைக்குப் பசுந்தீவனம், தட்டை போக நாளைக்கு இரண்டு மூன்று கிலோ அடர் தீவனம் வேண்டும். ஒரு வீடு தாங்காது. பத்து வீடு சேர்ந்தால் ஒருவருக்கு ஒரு கைப்பிடிதான். இரண்டரை, மூன்று வயதுக்கு முன் காளையை விடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேலும் வேண்டாம். ஐம்பது, அறுபது பசுவுக்கு ஒரு காளை போதும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வேறு ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தன் மகளோடேயே சேர்ந்து கன்று நோஞ்சானாகும். இது ரொம்ப முக்கியம். நல்ல காளை ஆயிற்றே என்று பாசத்தில் எட்டு வருஷம் வைத்துக் கெடுத்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். கன்று வீச்சு நோய் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ரத்தம் சோதித்துவிட்டுத்தான் பொலிக்கு விட வேண்டும்.

பசு கத்துவதும், கண்ணாடி போலக் கோழை ஒழுகுவதும், மற்ற மாடு மேலே தாவினால் நின்று கொடுப்பதும் பருவத்துக்கு அடையாளம். காலையில் கண்டால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. தவறினால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். காளை இல்லாத ஊர்க்காரர்கள் காங்கேயம் உறைவிந்து கிடைக்குமா என்று கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் வாக்கில்தான் மயிலை நிறம் திரும்பும். கலப்புக் கன்று என்று நினைத்து அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். நான் சொல்லச் சொல்ல ஒரு அம்மா, "அய்யோ, போன மாசந்தானே ஒண்ணு கொடுத்துட்டோம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஒன்பது வீட்டுக்காரர்கள் முறை வைத்துத் தவிடு போடுவதாக ஒப்புக்கொண்டார்கள். மாட்டுப் பொங்கல் அன்று ஊர் மாடுகளுக்கு முன்னால் அந்தக் காளைக்கு மாலை போடுவது என்றும், மாலையைப் பெரியவர் கையில் கொடுத்தே போடச் சொல்வது என்றும் பேசிக்கொண்டார்கள். இது என் யோசனை இல்லை, அவர்களே சொன்னது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் கிளம்பும்போது காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பார்க்கலாம் சார். அடுத்த தீபம் வரைக்கும் கட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

அந்தத் தீபம் வர இன்னும் சில மாதம் இருக்கிறது. ஒன்பது வீட்டில் ஏழு வீடு இப்போதும் முறை தவறாமல் தவிடு போடுகிறதாம். போன வாரம் தகவல் வந்தது.