ஏழை வீட்டின் கார்பன் கணக்கு யார் தலையில்?

(சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்தில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 டிசம்பர் 25 அன்று ஆந்திர அரசு ஏழைகளுக்கான வீட்டுமனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட் என அளந்து கொடுத்தது. வீடு கட்ட ஒதுக்கிய தொகை 1,80,000 ரூபாய். கிராமத்தில் மூன்று சென்ட், நகரத்தில் இரண்டு சென்ட், கட்டுமானத்திற்கு ஐந்து லட்சம் என்பது இடதுசாரிகளின் கோரிக்கை. வீடு பெரிதானால் சிமெண்ட் கூடும், சிமெண்ட் கூடினால் புவி வெப்பமாகும் என்று இதற்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். இதை ஒதுக்கித் தள்ளுவது சரியன்று; கணக்குப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

கல் வெட்டுவதில் தொடங்கி, வீடு இடிந்து மண்ணாவது வரை வெளிப்படும் கரியமில வாயு முழுவதையும் கூட்டிப் பார்ப்பதே வாழ்நாள் கணக்கு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத சிறு வீட்டில், மாளிகையைக் காட்டிலும் கட்டுமானப் பொருட்களின் பங்கு விகிதத்தில் பெரிது. ஒரு வீட்டிற்கு 100 மூட்டை, அதாவது ஐந்து டன் சிமெண்ட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சிமெண்டானால் நான்கு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளிப்பட்டிருக்கும். அரை டன் கம்பி இன்னும் ஒரு டன்னுக்கு மேல் சேர்க்கும். செங்கல் சூளை தனி.

சிமெண்டின் உமிழ்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதைவதாலேயே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. சூளையில் வெந்த கிளிங்கரின் அளவைக் குறைப்பதே வழி. கடப்பா மாவட்டத்து முத்தனூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் இதற்கு உதவும். விசாகப்பட்டினம் உருக்காலையின் ஊதுலைக் கசடும் அவ்வாறே. (2021 ஜனவரியில் ஒன்றிய அரசு விற்க முடிவெடுத்ததும் இதே உருக்காலையைத்தான்.) சாம்பல் 30 விழுக்காடு கலந்தால் மேற்சொன்ன நான்கு டன் மூன்று டன்னாக இறங்கும்.

ஆனால் சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகவே வலுப்பெறும். குறைந்தது பத்து நாள் நீராற்ற வேண்டும். முட்டுப் பலகையை அவசரமாகப் பிரிக்கக் கூடாது. அதற்குத் தண்ணீரும் கூலியும் வேண்டும். 1,80,000 ரூபாயில் ஒப்பந்ததாரர் முதலில் வெட்டுவது அந்த நாட்களைத்தான். விரிசல் விட்ட வீட்டை முப்பது ஆண்டில் இடித்துக் கட்டினால் உமிழ்வு இரட்டிப்பாகும். அப்போது அரசின் சிக்கனத்திற்குப் பூமியும் ஏழையும் சேர்ந்தே வட்டி கட்ட வேண்டும்.

கேரளத்தில் 1972-இல் கம்யூனிஸ்ட் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைக் கொண்டுவந்தார். முதல்வராயிருந்த தோழர் சி. அச்சுத மேனன் பின்னர் லாரி பேக்கருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பை நடத்தினார். பேக்கரின் எலிப்பொறிக் கட்டுச் சுவரில் செங்கற்களுக்கு இடையே வெற்றிடம் விடுவதால் கல் நான்கில் ஒரு பங்கு குறையும், வெயிலும் உள்ளே இறங்காது. கூரைத் தளத்தில் சுமை தாங்காத கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்தால் சிமெண்ட் மிச்சம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கட்டராம ரெட்டியும் ஜகதீஷும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கான்கிரீட் சட்டகத்தாலான அடுக்குமாடிக் கட்டடத்திற்குச் சதுர மீட்டருக்கு 4.21 ஜிகாஜூல் ஆற்றல் செலவானது. அழுத்திய மண்கல் வீட்டிற்கு 1.61.

இத்தகைய சுவருக்குத் தேர்ந்த கொத்தனார் வேண்டும். வேலைநாளும் கூடும். எனவே சிமெண்ட் கம்பெனிக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியாகிறது. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை. தரைக்கும் இதே கணக்குத்தான். குஜராத்தின் மோர்பியில் பெருஞ்சூட்டில் சுட்டு, லாரியில் வரும் டைல்ஸ் எதற்கு? அறுத்து மெருகேற்றினால் போதுமான கடப்பா கல் கடப்பா மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். பெயரில் மூங்கிலைச் சுமக்கும் ஊரில், மூங்கில் வீட்டுக்குத் திரும்புங்கள் என்று ஏழைக்கு எவரும் உபதேசிக்க வேண்டாம். நிலையான கூரை அவர்களது உரிமை. மனையைச் சுருக்குவதால் மிச்சமாகும் கார்பனைவிடப் பொருளை மாற்றுவதால் மிச்சமாவது பெரிது. அந்தப் பொருளைத் தீர்மானிப்பதோ மதிப்பீடு போடும் அலுவலகம்.

ஆகவே மண்டல வீட்டுவசதிப் பொறியாளரிடம் தோழர்கள் கேட்க வேண்டியவை உள்ளன. வழங்கப்படும் மூட்டையில் ஐ.எஸ். 1489 அல்லது 455 என்ற எண் இருக்கிறதா? நீராற்றும் நாட்களுக்கான கூலி மதிப்பீட்டில் உண்டா? கொத்தனார்களுக்குப் பயிற்சி எப்போது? மூன்று சென்ட், ஐந்து லட்சம் கோரும் மனுவிலேயே இவற்றையும் எழுதிச் சேர்க்கலாம்.