எங்கள் வளவின் தவளைகளும் பாம்புகளும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றிச் சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தவளையையும் பாம்பையும் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் என் தொழிலோடு சேர்ந்ததுதான்.

இலங்கையின் விலங்குகளை முறையாகப் பதிவு செய்த முன்னோடிகளில் ஒருவர் வைத்தியர். 1819இல் இங்கே பிறந்து, இராணுவ வைத்தியராக இருந்த எட்வர்ட் கெலார்ட் அவர். 1853இல் புள்ளிகள் கொண்ட ஒரு மரத்தவளையை அவர் விபரித்தார். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அது எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் எங்கள் நாட்டு ஆய்வாளர்கள் அதை மீண்டும் கண்டு, 2013இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தவளைக்கு ஒதுங்க ஒரு காடு மிஞ்சியிருந்தது. ஏறத்தாழ 20 தவளை இனங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வடக்கில் மழைக்காடு இல்லை. ஆனால் குளமும் வயலும் கிணற்றடியும் இருக்கின்றன. மாரியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் வெண்ணிற நுரை ஒட்டியிருக்கக் கண்டிருப்பீர்கள். அது அழுக்கல்ல, தேரையின் முட்டைக்கூடு. சில நாளில் வாற்பேத்தைகள் அதிலிருந்து தண்ணீருக்குள் விழும். வயலோரத்தில் முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகளோடு ஒரு சிறிய பாம்பு ஓடும். தவளை தின்று வாழும் அதனால் மனிதருக்குத் தீங்கில்லை. கனடாவில் இருக்கும் தோழியர் தங்கள் தோட்டத்தில் காணும் கோடுபோட்ட கார்ட்டர் பாம்பும் ஏறத்தாழ இதைப் போன்றதே.

இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. தரையில் வாழ்பவற்றுள் உயிராபத்து விளைவிப்பவை கைவிரலில் எண்ணக்கூடியவை. ஆனால் பொல்லெடுக்கும்போது நாங்கள் பேதம் பார்ப்பதில்லை. பல்லி தேடி வீட்டுக்குள் வரும் நஞ்சற்ற பாம்பைக் கட்டுவிரியன் என்று அடிக்கிறோம்.

கடித்த பாம்பை அடித்து, சொப்பிங் பையில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாம்பைத் துரத்தும் நேரம் சிகிச்சைக்குரிய நேரம். துரத்தப் போனவருக்கும் கடி விழலாம். நோயாளியின் அறிகுறிகளையும், இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பதையும் பார்த்தே நாங்கள் சிகிச்சையைத் தீர்மானிக்கிறோம். தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து உடனே கொண்டுவாருங்கள். நிலத்தில் படுப்பவர்கள் நுளம்புவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இரவில் வெளியே போனால் டோர்ச் லைட் கொண்டுபோங்கள். மனிதரும் பாம்பும் பிழைக்க இதுவே வழி.

மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாரியில் பள்ளி வளவில் எத்தனை வகைத் தவளை கத்துகிறது என்று கேட்டு, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தக் கொப்பியைத் தங்கைமாரிடம் கொடுங்கள். வெளிநாட்டிலிருக்கும் அக்காமாரே, ஊர்க்காணியில் வீடு கட்டும்போது குட்டையை மூடவேண்டாம் என்று மேசனிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.

கெலார்ட் எழுதி வைத்ததால்தான் காணாமற்போனது எது என்று பின்வந்தவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் பள்ளியின் இரண்டாவது நூற்றாண்டில் வருபவர்களுக்கு நாமும் அப்படி ஒன்றை எழுதி வைப்போம்.