ஸப்ர் என்பது சும்மா இருப்பதன்று

 

ஆட்டிசம் உள்ள பிள்ளை வாலிபத்தை அடைந்ததும் பெற்றோரை வாட்டும் கேள்வி ஒன்றே: "நமக்குப் பின் இவனுக்கு யார்?" நாமோ "ஸப்ர் செய்யுங்கள்" என்று கூறி நகர்ந்து விடுகிறோம். ஸப்ர் என்பது கைகட்டி அமர்வதன்று. நிலைகுலையாமல் அடுத்த அடியை எடுத்து வைப்பதாகும். பிள்ளை தண்டனையன்று, இறைவன் ஒப்படைத்த அமானிதம். இவ்வெண்ணமே பெற்றோருக்கு முதல் ஆறுதல்.

டெல்லியில் மேரி பரூவா என்னும் தாயார், ஆட்டிசம் உள்ள தம் மகனுக்காகத் தேடிய வழியைப் பிறருக்கும் திறந்துவிட்டார். 1991-இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். ஒரு வீட்டின் கவலை பல வீடுகளுக்குத் துணையாயிற்று.

சட்டமும் துணை நிற்கிறது. 18 வயது நிறைந்தபின் பெற்றோரும் தாமாகவே சட்டப்படியான காப்பாளராகத் தொடர இயலாது. தேவையுள்ளோர், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கோரலாம். திருத்தணியில் வாழும் நமக்கு அது திருவள்ளூர் மாவட்டக் குழுவாகும்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயம் அருளப்பட்டது. அவரையே நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாகவும் நியமித்தார்கள். நாமும் தொழுகையில் ஓசையெழுப்பும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பாய் விரித்தல், குர்ஆன் பிரதிகளை அடுக்குதல் என அவனால் இயன்ற பணியைக் கொடுப்போம். மாதம் ஒருநாளேனும் அவனுடன் இருந்து, பெற்றோருக்கு ஓய்வளிப்போம். "நமக்குப் பின் யார்?" என்போருக்கு, "நாங்கள் இருக்கிறோம்" என்பதே ஜமாஅத்தின் பதிலாகட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.